பையன் ராத்திரி ஒரு மணி வரை கேம் ஆடுகிறான், வகுப்பில் தூங்குகிறான்: இது அடிமைத்தனமா?

கேட்டிருப்பவர் காத்ர் போர்னில் இருக்கும் ஒரு அம்மா. கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து மொரீஷியஸ் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கணவருக்கு எபேன் சைபர் சிட்டியில் வேலை. பையனுக்கு 14 வயது, 9ஆம் கிரேடு. வார நாளிலும் இரவு ஒரு மணி வரை ஃபோர்ட்நைட் ஆடுகிறான். காலையில் எழுப்ப முடியவில்லை, முதல் பீரியடில் தூங்குகிறான் என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது. கணக்கிலும் அறிவியலிலும் மார்க் விழுந்துவிட்டது. அப்பா ஒருநாள் கன்ட்ரோலரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியதில், பையன் இரண்டு நாள் சாப்பிடவே வெளியே வரவில்லை. இது அடிமைத்தனமா, முழுக்க நிறுத்திவிடலாமா, இல்லை ஊருக்கே அனுப்பித் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடலாமா என்று மூன்று கேள்விகள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்து இதை நோய் என்று சொல்ல முடியாது. அதற்காகத் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. கன்ட்ரோலரை அலமாரியில் வைத்துப் பூட்டுவதை விடுங்கள், முதலில் அவன் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். கேமைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளியைப் பற்றி வந்திருப்பது இரண்டே வரி: இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழி சரியாக வராததால் பிரேக்கில் தனியாக இருக்கிறான் போலிருக்கிறது, பிரெஞ்சில் மட்டும் மார்க் ஏறியிருக்கிறது. எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு வரிதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடிமைத்தனம் என்ற சொல்லை முதலில் பார்த்துவிடலாம், வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அதுதான் வாயில் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' என்று ஒன்று இருக்கிறது. 2019 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது கேட்பது மூன்று. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்பதில் பிடி விட்டுப்போயிருக்க வேண்டும். மற்ற எல்லா ஆர்வங்களையும் அன்றாட வேலைகளையும் தள்ளிவிட்டு விளையாட்டு முன்னால் வந்து நிற்க வேண்டும். கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் ஆட்டம் தொடர வேண்டும், அல்லது கூட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து, படிப்பையோ குடும்பத்தையோ உடலையோ கடுமையாகப் பாதித்து, பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்திருந்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-இலேயே ஒன்பது அறிகுறிகளைப் பட்டியலிட்டு, ஐந்து இருந்தால் கவனிக்கச் சொன்னது. ஆனால் அதை முழு நோயாகச் சேர்க்காமல், 'மேலும் ஆராய வேண்டியவை' என்ற பகுதியில்தான் வைத்தது.

இரண்டிலுமே எத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று ஓர் எண் கிடையாது. பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். சனிக்கிழமை ஆறு மணி நேரம் ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பசங்களோடு ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரைக்குப் போய், திங்கட்கிழமை வீட்டுப்பாடம் முடித்துக் கொடுக்கிற பையனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தினம் ஒன்றரை மணி நேரம்தான் ஆடுகிறான், ஆனால் அதற்காகப் பொய் சொல்கிறான், மற்ற நேரமெல்லாம் எதிலும் நாட்டமில்லாமல் கிடக்கிறான் என்றால் அவனைப் பற்றிக் கவலைப்படுவேன்.

உங்கள் பையனுக்கு எல்லாம் மாறியது கடந்த ஐந்து மாதத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் ஒழுங்காகப் படித்திருக்கிறான். பொய் சொல்வதில்லை, ஆடுகிறேன் என்று நேராகவே சொல்கிறான். சதுரங்கம் இன்னும் விடவில்லை. இதெல்லாம் நல்ல பக்கம். தூக்கமும் மார்க்கும் கெட்ட பக்கம். ஐசிடி-11-லேயே 'கெடுதல் தரக்கூடிய விளையாட்டுப் பழக்கம்' என்று நோய்க்கு ஒரு படி கீழே இன்னொரு வகை உண்டு. இவன் அங்கே நிற்கிறான் என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியல்ல.

எவ்வளவு பேருக்கு இது வருகிறது என்றும் தெரிந்துகொண்டால் பதற்றம் கொஞ்சம் குறையும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வந்த ஒரு கட்டுரை சுமார் 3 சதவீதம் என்றது. ஒழுங்காக மாதிரி எடுத்த ஆய்வுகளை மட்டும் சேர்த்தால் 2 சதவீதம்கூட இல்லை. ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா என்று 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் 2022-இல் எடுத்த கணக்கை உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2024-இல் வெளியிட்டது. தினமும் ஆடுகிறவர்கள் 34 சதவீதம், சிக்கலாகும் ஆபத்தில் இருப்பவர்கள் 12 சதவீதம். பையன்களில் 16, பெண் பிள்ளைகளில் 7. ஆபத்தில் இருப்பதும் நோயும் ஒன்றல்ல, பத்திரிகைத் தலைப்புகள்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். (இதில் ஒரு வேடிக்கை: நோய்ப் பட்டியலில் சேர்த்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது, விலகி இருந்து சேர்ந்து விளையாடுங்கள் என்று கேம் நிறுவனங்கள் நடத்திய பிரச்சாரத்துக்கு அதே உலக சுகாதார நிறுவனம் ஆதரவு கொடுத்தது. இங்கேயும் அந்த மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள், 2021 மார்ச்சில் மறுபடியும். இன்று கொலேஜில், அதாவது இங்குள்ள உயர்நிலைப் பள்ளியில், இருக்கும் பிள்ளைகள் பலர் நண்பர்களோடு ஹெட்போனில் பேசிக்கொண்டே ஆடப் பழகியது அப்போதுதான்.)

சிக்கலில் விழுந்தவர்கள் அப்படியே இருந்துவிடுகிறார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சிங்கப்பூரில் 3,034 பள்ளிப் பிள்ளைகளை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. தொடக்கத்தில் சிக்கலில் இருந்தவர்களில் 84 சதவீதம் பேர் இரண்டு வருஷம் கழித்தும் அப்படியே இருந்தார்கள் என்றது. 2017-இல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், முதலில் நோய் என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இருந்தவர்களில் ஒருவர்கூட ஆறு மாதம் கழித்து அதே நிலையில் இல்லை. வயது வேறு, அளந்த விதம் வேறு, அதனால் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் இரண்டும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. விளையாட்டுக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையில் என்ன குறைகிறதோ, அதுதான் ஆளை உள்ளே தள்ளுகிறது. சிங்கப்பூரில் முன்னாலேயே தெரிந்த அடையாளங்கள் அவசர புத்தியும், மற்றவர்களோடு பழகத் திணறுவதும். மனச்சோர்வு, பதற்றம், மார்க் குறைவது எல்லாம் பின்னால் வந்தன. பின்னால் வந்தவை பிள்ளையைத் திரும்பவும் விளையாட்டுக்குள்ளேயே தள்ளும். மார்க் போனால் வகுப்பு கசக்கும், வகுப்பு கசந்தால் கேம் இனிக்கும். இந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும், அதற்குத் தோதான இடம் தூக்கம்.

ஏன் ஒரு மணி வரை? இந்தத் தீவுக்கென்றே உள்ள காரணம் ஒன்று இருக்கிறது, வெளியூர்ப் புத்தகங்களில் அது இருக்காது. உங்கள் பையனின் அணியில் இருப்பவர்கள் பிரான்ஸ் பிள்ளைகள். பாரிஸுக்கும் நமக்கும் அவர்களுடைய கோடையில் இரண்டு மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் மூன்று. அங்கே ஒரு பையன் சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்கு உட்காரும்போது இங்கே பதினொன்று, அல்லது நள்ளிரவு. அவன் யோக்கியமாக ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கப் போகிறான். அவன் அம்மாவுக்கு ஒரு குறையும் தெரியாது. அவர்களுடைய குளிர்காலத்தில் அப்போது இங்கே உங்கள் வீட்டில் மணி ஒன்று. நம் பள்ளிக்கூட வருஷம் தொடங்குகிற ஜனவரியில் இந்த வித்தியாசம் மூன்று மணி நேரமாக இருக்கிறது. மார்ச் கடைசியில் இரண்டாகக் குறைந்து, அக்டோபர் கடைசி ஞாயிறு, ஆண்டுத் தேர்வுகள் தலைக்கு மேல் நிற்கிற நேரத்தில், திரும்ப மூன்றாகிறது. ஒக்டோபர் முடிந்ததும் வகுப்பில் கொட்டாவி கூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காலை எட்டு மணிக்குப் பள்ளி என்றால் பஸ்ஸோ மெட்ரோவோ பிடிக்க ஆறு மணிக்காவது எழுந்தாக வேண்டும். ஒரு மணிக்குத் தூங்கினால் ஐந்து மணி நேரம். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பருவ வயதில் மூளையில் தூக்கம் வரும் நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவன் சொன்னால் முழுக்கச் சாக்கு என்று நினைக்காதீர்கள். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு வாரம் முழுக்க ஓடுகிற பையனிடம் காணும் எரிச்சல், மறதி, எதிலும் பிடிப்பின்மை இவற்றில் பாதி கேமால் வந்தது அல்ல, தூக்கமின்மையால் வந்தது. தூக்கம் சரியாகாமல் மற்றதை எடைபோடவே முடியாது.

இதைச் சரிசெய்ய நேரக் கணக்கையே பயன்படுத்தலாம். வார நாளில் பிரான்ஸ் பசங்கள் வேண்டாம், சனி ஞாயிறில் ஆடு என்று சொல்லுங்கள். பாரிஸில் சனிக்கிழமை மதியம் மூன்று மணி என்றால் இங்கே மாலை ஐந்தோ ஆறோதான். ஊர் நண்பர்கள் இன்னும் தொடர்பில் இருக்கிறார்களா? கோயம்புத்தூர் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே எட்டரை என்றால் இங்கே ஏழு. வார நாளில் அவர்களோடு ஏழிலிருந்து எட்டரை வரை ஆடலாம், அதற்குள் அங்கே பத்து மணியாகி அவர்களே கிளம்பிவிடுவார்கள். நீங்கள் 'நிறுத்து' என்று கத்த வேண்டிய வேலை மிச்சம்.

நிறுத்தும் நேரத்தைச் சொல்வதிலும் ஒரு விதம் இருக்கிறது. சரியாக எட்டரைக்கு நிறுத்து என்றால் தினமும் சண்டைதான். ஃபோர்ட்நைட்டில் ஓர் ஆட்டம் கடைசி வரை போனால் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் எழுந்து போனால் அணியில் உள்ள மூன்று பேர் அவனைத் திட்டுவார்கள், அவன் ரேங்க் இறங்கும். 'எட்டு மணிக்கு மேல் புது ஆட்டம் தொடங்கக் கூடாது' என்று சொன்னால் அவனால் அதைக் காப்பாற்ற முடியும். இரவில் வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், அப்பாவுடையதும்தான். அது நடக்காமல் இது நடக்காது. ரூட்டரில் அவன் கருவிக்கு மட்டும் நேரம் குறிக்கலாம், ஆனால் மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போடத் தெரியாத 14 வயதுப் பையன் எபேன்காரர் வீட்டில் இருப்பான் என்று நான் நம்பவில்லை. பூட்டு துணைக்குத்தான், பேச்சுதான் முக்கியம்.

இனி அந்த இரண்டு வரிக்கு வருகிறேன்.

இங்கே கொலேஜில் பாடம் ஆங்கிலத்தில், பிரெஞ்சு கட்டாயம், பிரேக்கில் எல்லோரும் பேசுவது கிரியோல். ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள், மூன்றாவதில்தான் தனித்துப்போகிறார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வீட்டில் கிரியோல்தான், தமிழ் பள்ளியில் விருப்பப் பாடமாகவும் கோவிலில் தேவாரமாகவும் இருக்கிறது. வகுப்பில் நான்கு முருகன் பெயர்கள் இருந்தும் தமிழில் பேச ஆளில்லை என்பது கோயம்புத்தூர்ப் பையனுக்கு எதிர்பாராத அடி. கிண்டலைப் புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆகிவிடும். அப்படிப்பட்டவன் ராத்திரி ஹெட்போன் மாட்டினால், மூன்று பேர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், வழி கேட்கிறார்கள், நன்றாகச் சுட்டால் கத்திக் கொண்டாடுகிறார்கள். பிரெஞ்சில்! அந்த மார்க் ஏன் ஏறியது என்று இப்போது புரியும். இரண்டு வருஷமாக ட்யூஷன் கொடுக்காததை அந்த அணி கொடுத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வேறு என்ன மிஞ்சும் என்று யோசித்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

மனிதருக்குச் சோறு தண்ணீர் தவிர மூன்று தேவைகள் உண்டு என்று உளவியலில் ஒரு கோட்பாடு சொல்கிறது: நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற உணர்வு, எனக்கு இது வருகிறது என்ற உணர்வு, நாலு பேரோடு ஒட்டியிருக்கிறேன் என்ற உணர்வு. விளையாட்டு மூன்றையும் ஒரே மாலையில் தருகிறது. பள்ளி நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். எட்டு மணியிலிருந்து இரண்டரை வரை வகுப்பு. அது முடிந்ததும் லெசோன், அதாவது தனி ட்யூஷன். திங்கள் கணக்கு, செவ்வாய் இயற்பியல், சனி காலை ஆங்கிலம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது, நம் பிள்ளை போகாவிட்டால் பின்தங்கிவிடும் என்ற பயத்தில் இந்தத் தீவே லெசோனில் ஓடுகிறது. 9ஆம் கிரேடு முடிவில் தேசியத் தேர்வு வேறு. எச்எஸ்சி ரிசல்ட் வரும்போது லோரியாக்களை, அதாவது முதலிடம் பிடித்து அரசு உதவித்தொகை பெறும் பிள்ளைகளை, தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவதை டிவியில் பார்த்து வளர்கிற ஊர் இது. இதில் பையன் தானாகத் தேர்ந்தெடுத்த மணி நேரம் எது? வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு கிடைப்பது ஒன்றுதான்.

ஒரு பையன் ஒருமுறை நோட்டின் கடைசிப் பக்கத்தை எனக்குக் காட்டினான். சீசன் முடிய எத்தனை நாள், எந்த ரேங்குக்கு எவ்வளவு புள்ளி, ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தான். ஜெயிக்காத நாளுக்குச் சிவப்பு மையில் பாக்கி, அடுத்த நாள் கணக்கில் கூட்டல். கணக்குப் பாடத்தில் 34 வாங்குகிற பையன் அவன். அந்தக் கட்டத்தில் ஒரு பிழை இல்லை. சரி, கணக்கில் எந்த அத்தியாயம் உனக்கு வரவில்லை என்று கேட்டேன். 'எல்லாம்தான் சார்' என்றான். எல்லாம் என்றால் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம் இல்லை. எது தெரியாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. விளையாட்டு அவன் செய்த ஒவ்வொன்றுக்கும் அந்த நொடியே பதில் சொல்கிறது. பள்ளி டெர்ம் முடிவில் ரிப்போர்ட் புத்தகத்தில் சொல்கிறது, 'இன்னும் முயற்சி தேவை' என்று. நானும் பல ரிப்போர்ட்டுகளில் அதையே எழுதியிருக்கிறேன், அந்த இடம் அவ்வளவுதான் சின்னது. ஒரு கணக்கு ஆசிரியர் உட்கார்ந்து, பின்னமும் இயற்கணிதத் தொடக்கமும்தான் ஓட்டை, மற்றது சரி என்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகு அந்தப் பையனின் லெசோன் நேரம் குறைந்தது, மார்க் ஏறியது. கேமை விட்டானா? இல்லை.

அதனால் பள்ளிக்குப் போகும்போது புகாரோடு போகாதீர்கள். ரெக்டரை, அதாவது பள்ளித் தலைவரை, பார்க்க நேரம் வாங்கி, வகுப்பாசிரியரும் இருக்கும்படி கேளுங்கள். கேட்க வேண்டியவை சில. கணக்கிலும் அறிவியலிலும் சரியாக எந்த இடத்தில் விட்டான்? பிரேக்கில் யாரோடு இருக்கிறான்? யாராவது அவனைச் சீண்டுகிறார்களா? மார்க் விழுந்த அதே மாதத்தில் வகுப்பில் ஏதாவது மாறியதா, ஆசிரியரோ பிரிவோ உட்காரும் இடமோ? ஐந்து மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. பையனுக்குத் தெரியும். பள்ளியில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். சதுரங்கம் ஆடுகிறானே, பள்ளியில் கிளப் இருக்கிறதா என்று கேளுங்கள். பலகைக்கு முன்னால் உட்கார கிரியோல் தேவையில்லை, ஆனால் உட்கார்ந்தால் கிரியோல் வரும். பிரெஞ்சு இவ்வளவு வந்தவனுக்கு அது ஆறு மாத வேலை. லெசோனில் ஒன்றைக் குறைத்து அந்த மாலையை இதற்குக் கொடுங்கள். இந்த ஊரில் லெசோனைக் குறைக்கச் சொல்வது கோவிலில் மணி அடிக்காதே என்று சொல்வது போல, தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

கட்டுப்பாடு அவன் கையில் இருக்கிறதா என்று பார்க்க நான் கவனிக்கும் ஒரு விஷயம்: தைப்பூசக் காவடி. பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கும் கொலேஜ் பையன்கள் இங்கே நிறைய. மீன், கறி, முட்டையோடு கேமையும் தாங்களாகவே ஒதுக்கி வைக்கிறவர்கள் அதில் உண்டு. பத்து நாள் எரிச்சல் இல்லாமல் போனால், பூட்டப்பட்டது போலத் தெரிந்த கதவு தள்ளினாலே திறக்கிறது என்று அர்த்தம். பதினொன்றாம் நாள் திரும்ப ஆடுவான், ஆடட்டும். விரதத்தை வைத்துச் சிகிச்சை செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை, சாமி பேரில் மிரட்டினால் சாமியும் போய்விடும். அவனாக எடுக்கிற இடைவெளிகள் ஏதாவது உண்டா, தேர்வு வாரம், விருந்தாளி வந்த வாரம், அப்போது எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். அது அறிகுறிப் பட்டியலை விட அதிகம் சொல்லும்.

விளையாட்டின் பக்கத்திலும் குற்றம் இருக்கிறது, எல்லாவற்றையும் பையன் மேலும் பள்ளி மேலும் போட்டுவிட்டு அதை விடக் கூடாது. தினம் மாறும் கடை, இத்தனை நாளுக்குள் முடிக்காவிட்டால் பரிசு கிடைக்காது என்கிற 'பேட்டில் பாஸ்' திட்டம், இன்று வராவிட்டால் விட்டுப்போகும் பரிசு, இதெல்லாம் வராமல் இருக்க முடியாதபடி யோசித்துச் செய்தவை. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம், குழப்பமான பொத்தான்களால் வாடிக்கையாளரைத் தெரியாமலே வாங்க வைத்ததற்காக 24.5 கோடி டாலர் திருப்பித் தர 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு உடன்பட்டது. பணம் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. கால்பந்து கேம்களில் வரும் வீரர் அட்டைப் பொட்டலங்களும் அந்த ரகம்தான். உங்கள் வங்கிக் கார்டு எந்தக் கருவியிலாவது சேமித்திருந்தால் இன்றே நீக்குங்கள். மாதம் இவ்வளவு ரூபாய் என்று அவன் கைச்செலவிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

முழுக்க நிறுத்துவது பற்றி. நாடுகளே செய்து பார்த்துவிட்டன. 16 வயதுக்குக் கீழே நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணைய விளையாட்டு கூடாது என்று தென் கொரியா 2011-இல் சட்டம் போட்டது. தூக்கம் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை, பிள்ளைகள் பெற்றோரின் எண்ணில் உள்ளே போனார்கள், போனுக்கு மாறினார்கள். பத்து வருஷத்தில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சீனா 2021-இல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் என்றது. அவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கே அது ஓயாத காவல் வேலை. வீட்டில் திடீரென்று எல்லாவற்றையும் பிடுங்கினால் நடப்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். ஆனால் இரண்டு நாள் சாப்பிட வராததை மட்டும் வைத்து 'போதை மாதிரி இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். அப்பா எல்லோர் முன்னாலும் பிடுங்கினார் என்ற அவமானமும் அதில் இருக்கிறது. முடிந்தால் அப்பாவே போய், அன்று செய்த விதம் சரியில்லை, ஆனால் ஒரு மணி வரை ஆடுவதும் சரியில்லை என்று பேச்சைத் தொடங்கட்டும். அவன் ஆடும்போது அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். யார் யார் அந்த அணியில், அவர்களுக்கு என்ன வயது என்றாவது தெரியவரும்.

எப்போது மருத்துவரிடம்? பள்ளிக்கே போக மறுத்தால், விளையாடாதபோதும் எதிலும் ஆசையில்லாமல் இருந்தால், அடிக்கவோ உடைக்கவோ தொடங்கினால், இரண்டு மாதம் தூக்கத்தைச் சரிசெய்த பிறகும் மார்க்கும் மனநிலையும் மாறாவிட்டால். சாகலாம் போலிருக்கிறது என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தால் அன்றே, காண்டோஸ் விக்டோரியா மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். கவனக்குறைவுக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் இவை கேமுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது சகஜம், அவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. கேமிங்குக்கென்று தனி மாத்திரை எதுவும் இல்லை. சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்கும் குடும்பமாக உட்கார்ந்து செய்யும் சிகிச்சைக்கும்தான் இதுவரை ஓரளவு ஆதாரம் இருக்கிறது. கல்வி அமைச்சின் கீழ் உளவியலாளர்கள் இருக்கிறார்கள், ரெக்டர் மூலம் கேட்கலாம். வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று தயங்காதீர்கள். ஆயிரம் பேர் உள்ள கொலேஜில் இந்தக் கதையோடு வரும் முதல் அம்மா நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

கடைசியாக, கோயம்புத்தூர். அனுப்பாதீர்கள். இந்தியாவில் பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியிலும் தடை செய்தார்கள். பிள்ளைகள் இன்னொரு பெயரில் வந்த அதே விளையாட்டுக்கு மாறிக்கொண்டார்கள். அங்கேயும் போன் இருக்கிறது, மலிவான டேட்டா இருக்கிறது, பாட்டியால் ரூட்டரை நிறுத்த முடியாது. இங்கே பள்ளி வருஷம் ஜனவரியில் தொடங்குகிறது, அங்கே ஜூனில். நடுவில் போனால் ஆறு மாதம் தொங்கல், அப்புறம் மறுபடி புதுப் பள்ளி, புது வகுப்பு, பிரேக்கில் தனியாக உட்காருவது. எந்தக் காரணத்தால் இங்கே விழுந்தானோ அதே காரணத்தை டிக்கெட் வாங்கிக் கொடுத்து அங்கே ஏற்படுத்துவீர்கள். போதாததற்கு, தண்டனையாகத்தான் அனுப்பினார்கள் என்று அவன் மனதில் நின்றுவிடும். தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டும் என்றால் நவம்பரில் பள்ளி மூடியதும் ஒரு மாதம் போய் வரட்டும், பழைய நண்பர்களோடு தெருவில் கிரிக்கெட் ஆடட்டும். போக வர இரண்டுக்கும் சேர்த்தே டிக்கெட் போடுங்கள், அவன் கண்ணெதிரிலேயே.